பலகைக்கார அக்கா

அந்த அக்கா தண்ணீரில் விழுந்து எழுந்ததும் முதலில் மூக்கைச் சிந்துவார். அடுத்து, என்ன தப்பு என்று உரக்கச் சொல்வார். "முன்கால்" என்பார். இல்லையென்றால் "இடுப்பு". சில சமயம், "கண்ணு. பக்கத்துல பார்த்துட்டேன், தூரத்துல பார்த்திருக்கணும்" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வார். கரையில் கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டார். சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். ஊரெல்லாம் தேடிய சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தால் நமக்கு வருமே, அந்த மாதிரி.

காற்றைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அலையைக் குறை சொல்லியும் கேட்டதில்லை.

நான் செங்கம் சாலையில் தார்ப்பாய் தைக்கிறவன். லாரிக்கு, நெல் களத்துக்கு, பந்தலுக்கு. மழைக்காலம் வந்தால் ஆட்டோக்களுக்குப் பக்கத்துத் திரை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வருகிறவர்கள் அளவு சொல்வார்கள், நான் தலையாட்டுவேன், சொன்ன நாளில் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் பேச்சு எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிற ஆள் நான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அந்த அக்கா சைக்கிளில் வந்து, சுருட்டிய ஒரு பெரிய பாயைக் கடை வாசலில் இறக்கினார்.

"இதைத் தைப்பீங்களா டெய்லரே?"

நான் டெய்லர் இல்லை, தார்ப்பாய் தைக்கிறவன் என்றேன். ஊசியும் நூலும் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் டெய்லர்தான் என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். என் கடைக்குள் அது அடங்கவில்லை. பாதி நடைபாதையில் கிடந்தது. கண்ணாடி மாதிரித் தாள், நடுநடுவே குச்சிகள், ஓரத்தில் அழுத்தமான துணி. காற்றில் ஓடும் பலகைக்கு இதுதான் பாய் என்றார். மூன்று இடத்தில் தையல் விட்டிருந்தது. அன்றைக்குத் தைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து அவருக்கு நான் டெய்லர். ஊருக்கு அவர் பலகைக்கார அக்கா. பெயரை நான் கேட்கவில்லை. அவர் சொன்னாரோ என்னவோ, என் காதில் நிற்கவில்லை.

ஐம்பதை எட்டும் வயது. ரமணாசிரமம் பக்கம் ஒரு சந்தில் அறை எடுத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காப்பிக் கடையில் ரொட்டி சுடும் வேலை. அதற்கு முன்னால் மெட்ராஸுக்குத் தெற்கே கடற்கரையில், அலைப் பலகை வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் சமையல் வேலை பார்த்தாராம். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் தூங்கும்போது இவர் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்ப் பழகியிருக்கிறார். பந்தயத்துக்கு ஓட்டும் அகலமான பலகை ஒன்று, யாருக்கும் வேண்டாமல் கொட்டகையில் கிடந்தது. வேலையை விட்டு வரும்போது அதைக் கேட்டு வாங்கிவந்துவிட்டார்.

மலையைப் பார்க்க இந்த ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. சும்மா உட்கார வருகிறவர்கள் உண்டு. காற்றுக்காக வந்தவர் என்று நான் அறிய இவர் ஒருவர்தான். ஆனி, ஆடியில் செங்கம் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கும் காற்று, ஏரியில் தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை ஆடித் திருவிழாவுக்கு வந்தபோதே யோசித்துவிட்டாராம்.

அந்தப் பலகை ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அகலம் ஒரு மீட்டர். கதவைக் கழற்றி மிதக்கவிட்டால் இப்படித்தான் இருக்கும். அடியில் முழங்கையைவிட நீளமாக ஒரு தகடு, கத்தி மாதிரி இறங்கியிருக்கும். அத்தனை அகலம் இருந்தால் நிற்பது சுலபம்தானே என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"காத்து கம்மியா இருக்கிறப்போ சுலபம். காத்து ஜாஸ்தியாகி தண்ணி குத்து குத்துனு எழும்புதுனு வெச்சுக்குங்க, அப்ப அகலம்தான் எமன். ஒரு ஓரம் தூக்கினா போதும், அடியில காத்து பூந்து அப்படியே புரட்டிடும்."

இது எனக்கு உடனே புரிந்தது. லாரித் தார்ப்பாயின் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்தால் அப்படித்தான். உள்ளே காற்று புகுந்ததும் மொத்தமும் எழும்பிவிடும். நான் அதைச் சொன்னதும் அக்கா சைக்கிளில் ஏறப்போனவர் இறங்கிவிட்டார். லாரிக்காரர்கள் அப்போது என்ன செய்வார்கள் என்று கேட்டார். இழுத்துக் கட்டுவார்கள் என்றேன். "அதேதான்" என்றார். "பயந்து கையைத் தளர்த்தினா போச்சு. இழுத்துப் பிடிக்கணும், கீழ உட்காரணும்." அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். என் ஆயுளில் வேலையைப் பற்றி அவ்வளவு நேரம் ஒருவர் என்னிடம் கேட்டதில்லை.

பலகையை ஏரிக்குக் கொண்டுபோக, சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சட்டத்தைக் கட்டியிருந்தார். பௌர்ணமி அன்று செங்கம் சாலை முழுக்க கிரிவலக் கூட்டம். அன்றும் காற்று இருந்தால் விடமாட்டார். பலகைக்கு வெள்ளைத் துணி சுற்றி, கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போவார். நம் ஊரில் துணி சுற்றி அவ்வளவு பெரிதாக ஒன்று தெருவில் போனால் அது சாமி சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு குடும்பம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எந்தக் கோயில் வாகனம் என்று கேட்டிருக்கிறது. ஏரிக்குப் போகுது என்றாராம் அக்கா. அவர்களும் தெப்பம் என்று நினைத்துக்கொண்டு வழிவிடச் சொல்லிக் கூட்டத்தை விலக்கியிருக்கிறார்கள். "ஏமாத்திட்டீங்களே அக்கா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, முழுசா சொல்லியிருக்கணும், என் வாய் தப்பு" என்றார். அதற்கும் அதே சந்தோஷம்.

இந்தப் பழக்கம் ஏரியோடு நிற்கவில்லை. ஆட்டோக்காரர் வேறு தெருவில் இறக்கிவிட்டால், அடையாளம் சரியாகச் சொல்லாதது தன் தப்பு. கரண்ட் போய் ரொட்டி வேகாமல் போனால், சீக்கிரமே மாவு பிசையாதது தன் தப்பு. ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. நானும் எல்லாவற்றுக்கும் என்னையே நொந்துகொள்கிறவன்தான். ஆனால் நான் நொந்துகொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு பெண்பிள்ளை எதற்கெடுத்தாலும் என் தப்பு, என் தப்பு என்று சொன்னால், யாரோ அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு நாள் பாய்க்குக் குச்சி மாற்றிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த கடைக்காரம்மா அவரிடம் நேராகவே கேட்டுவிட்டார், வீட்டுக்காரர் எங்கே, ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதற்கும் என் தப்பு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"அதுல மட்டும் என் தப்பு இல்லீங்க" என்றார் அக்கா, டீயை ஊதியபடி. "ரெண்டு வருஷம் என் தப்பு எங்கனு நல்லாத் தேடிப் பார்த்தேன். கிடைக்கல. அவரை அந்தக் கடற்கரையிலயே விட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

இவர் தப்பைச் சுமக்கிறவர் இல்லை, தேடுகிறவர். கிடைத்தால் சரி செய்யலாம் என்பதுதான் அந்தச் சந்தோஷம்.

ஏரிக்கரையில் ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிக்காத நாள் கிடையாது. பால்காரர் ஒருவர் தினம் நின்று பார்ப்பார். "மலை அங்க இருக்குதுக்கா, நீங்க ஏன் தண்ணியில விழுந்து விழுந்து கும்பிடுறீங்க?" என்று ஒரு நாள் கத்தினார். அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திவிட்டு, "அங்கப்பிரதட்சணம் பண்றேன்யா" என்று பதிலுக்குக் கத்தினார். பால்காரர் மறுநாள் இரண்டு பேரைக் கூடுதலாக அழைத்துக்கொண்டு வந்தார்.

அக்கா வந்த இரண்டாவது வருஷம் கார்த்திகையில் பெய்த மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. ஆடி பிறந்தும் முக்கால் ஏரி தண்ணீர் நின்றது. அப்படி ஒரு வருஷம் எனக்கு நினைவு தெரிந்து இரண்டோ மூன்றோதான். தண்ணீர் இருந்ததால் மீன் இருந்தது, மீன் இருந்ததால் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் எந்நேரமும் கரையில் இருந்தார். அடி அண்ணாமலையில் நிலபுலம் உள்ள குடும்பம். பெரிய உடம்பு, சின்னக் குரல். குரலை உயர்த்தாமலே பரிசல்காரர்களை ஓட ஓட வேலை வாங்குவார். ஏரியைப் பொறுத்தவரை அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு நாள் அக்காவின் பலகை திரும்பாமல் வலைமேல் ஏறிவிட்டது. அடியில் இருந்த தகடு வலையை ஓர் ஆள் நீளத்துக்கு அறுத்துவிட்டது. அந்தத் தகவலோடு பரிசல்காரர் ஓட, குத்தகைக்காரர் வந்தார். பாயைச் சுருட்டி வைக்க அக்கா கேட்டிருந்த பையைத் தைத்துக் கொடுக்க நானும் அன்று அங்கே போயிருந்தேன்.

சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். காற்று இழுத்துவிட்டது, வலையைத் தூக்கி நிறுத்தும் மிதப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்று எதையாவது அக்கா சொல்வார், அதற்குப் பதில் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். அக்கா அவரைப் பார்த்ததும், "முன்கால் தப்புங்க. அழுத்தியிருந்தா திரும்பியிருக்கும். அழுத்தாம விட்டுட்டேன்" என்றார். வலையைத் தானே சரி செய்து தருவதாகவும் சொன்னார். குத்தகைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அறுந்த வலையை அக்கா பரிசல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு, நான்கு நாளில் சரி செய்தும் கொடுத்தார். வலை சரியாகிவிட்டது. ஆனால் குத்தகைக்காரர் விடவில்லை.

"ஏம்மா, இன்னிக்கு தப்புனு சொல்லிட்டே. நாளைக்கும் சொல்லுவே. என் வலைக்கு அது பத்தாது" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை வலை எல்லாம் தண்ணியிலதான் இருக்கும். மதகுல ஆரம்பிச்சு, மேக்கால தண்ணியில நிக்குதே கருவேலமரம், அதைச் சுத்திட்டு மதகுக்கு வா. விழு, எழுந்திரி, அது உன் பாடு. என் மிதப்பு ஒண்ணு மேல உன் பலகை பட்டாலும் அதோட இந்த ஏரியை மறந்துடணும்."

அக்கா ஒரே வார்த்தையில் சரி என்றார்.

இந்த ஏரியை விட்டால் சுற்றுவட்டத்தில் அவருக்கு வேறு தண்ணீர் கிடையாது. அணைக்கட்டுப் பக்கம் விடமாட்டார்கள். கடற்கரைக்குத் திரும்புவதாக இருந்தால் பழைய இடத்துக்குத்தான் போகவேண்டும். அங்கேதான் அவர் விட்டுவந்த வீட்டுக்காரர் இருக்கிறார். பலகை ஓட்ட வழியில்லை என்றால் இந்த ஊரில் தனக்கு ரொட்டி சுடுவதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று என்னிடம் சொன்னார். அழவெல்லாம் இல்லை. விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வியாழக்கிழமை பாய் கிழிந்தது. தையல் விட்டதல்ல, நடுத்தாள் குறுக்கே பிளந்துவிட்டது. அந்தத் தாள் இங்கே எங்கே கிடைக்கும்? ஆட்டோவுக்கு மழைத்திரை கட்டும் கனமான கண்ணாடித் தாளை அந்த அளவுக்கு வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தேன். என் கைவேலையில் அதுபோல ஒன்று அமைந்ததில்லை என்றுகூட நினைத்தேன். அக்கா தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "டெய்லரே, இது லாரியையே இழுக்கும்" என்றார்.

சனிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கரைக்குப் போனேன். அக்கா விழுந்துகொண்டே இருந்தார். அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. மதகிலிருந்து கிளம்பி ஐம்பது அடி போவதற்குள் பலகையின் மூக்கு எழும்பும், பாய் பின்பக்கமாக இழுக்கும், குப்புறப் போவார். எழுந்து மூக்கைச் சிந்துவார். "இடுப்பு." மறுபடியும். "பின்கை." மறுபடியும். "முட்டி மடங்கல." இன்னொரு முறை விழுந்தபோது எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தும் தப்பு கிடைக்காத முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த தடவை கிளம்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் நான் வைத்துத் தைத்த தாள் மட்டும் தனியாக உப்பியது. உப்பியது அப்படியே நிற்காமல் பின்னால் நகர்ந்தது. அது நகரும்போதெல்லாம் அக்காவின் பின்கை இழுபட்டது.

தார்ப்பாய் தைக்கிற எவனும் இரண்டு விரல் தொய்வு விட்டுத்தான் தைப்பான். கயிறு போட்டு இழுக்கும்போது தையல் தெறிக்காமல் இருக்க அதுதான் வழி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் சொன்னது அது. யாரும் கேட்காமலே என் கை அந்த இரண்டு விரலை விட்டுவிடும். இந்தப் பாய்க்கும் விட்டிருந்தது. லாரிக்கு நல்லது, இதற்கு விஷம். இந்தப் பாய் தோசைக்கல் மாதிரி விறைப்பாக நின்றால்தான் அந்த அகலமான பலகை அலையில் அடங்கும்.

அக்கா கரையேறி வந்தார். சொல்லவேண்டும் என்று எழுந்தேன். பால்காரர் இருந்தார், பரிசல்காரர்கள் இருந்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். "நாளைக்குச் சரியா வரும், என் உடம்புலதான் எங்கேயோ இருக்கு" என்று அக்கா என்னிடமே சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி என்ன என்று கேட்டாள், சொன்னேன். "அதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோணி ஊசி, மெழுகு தேய்த்த நூல், பிரிக்கிற கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நான் போவதற்குள் கரை நிறைந்துவிட்டது. வழக்கமாக இரண்டு வரிசை வலை இருக்கும். அன்று மூன்று வரிசை. வரிசைக்கு ஓர் இடத்தில் மட்டும், இரண்டு லாரி போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அக்கா மூன்றாவது வரிசையில் வழி எங்கே என்று பார்த்துக்கொண்டார். குத்தகைக்காரர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பலகையைத் தண்ணீரில் இறக்கப்போனார்.

அத்தனை பேர் பார்க்க, நான் போய்ப் பாயின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நீங்க விழுந்ததுக்கு உங்க இடுப்பு காரணம் இல்லக்கா. நான் தொய்வு விட்டுத் தெச்சுட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பாயைக் காற்றுக்குக் காட்டி, உப்பும் இடத்தைக் கையால் அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"நான் வாங்கும்போதே காத்துல பிடிச்சுப் பார்த்திருக்கணும் டெய்லரே. அது என்..."

"இல்லக்கா" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "இது என் தப்பு. இதை எனக்கு விட்டுடுங்க."

அக்கா பாயைக் கழற்றி என் முன்னால் விரித்தார்.

கரையிலேயே உட்கார்ந்து பிரித்தேன். இரட்டைத் தையல் போட்ட பெருமைக்குப் பிரிப்பதும் இரட்டை வேலை. அக்கா ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, பால்காரர் தானாகவே வந்து மறுபக்கம் பிடித்தார். இரண்டு விரலையும் உள்ளே இழுத்துவிட்டு, கையாலேயே தைத்தேன். மெஷின் தையல் போல அழகாக இல்லை. ஆனால் விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது.

அதற்குள் வெயில் ஏறி, காற்றும் ஏறிவிட்டது. காலையில் சிலுசிலுவென்று இருந்த ஏரி நுரை தள்ளியது. மேற்கிலிருந்து வரும் அலை கரையின் கல் கட்டில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு முட்டி, மதகுப் பக்கம் தண்ணீர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. குத்தகைக்காரரே எழுந்து வந்து, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். தாமதம் தன் பக்கத்தில் வந்தது, அவருடைய ஆட்கள் எல்லாம் காத்திருக்கிறார்கள், இன்றே முடித்துவிடலாம் என்றார் அக்கா.

கிளம்பினார்.

காற்றுக்கு எதிராக நேராகப் போக முடியாது. குறுக்கே ஒரு முறை, மறுகுறுக்கே ஒரு முறை என்று ஏறவேண்டும். இது தெரியாதவர்கள், நேராகப் போகத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா பலகையின் நடுவில் நிற்கவே இல்லை. காற்று வரும் பக்கத்து விளிம்பில் காலை மாட்டி, இடுப்புக் கொக்கியைப் பாயோடு கோத்து, மொத்த உடம்பையும் தண்ணீர்மேல் தொங்கவிட்டார். முன்கால் நேராக, பின்கால் மடங்கி. ஒவ்வொரு அலைக்கும் அந்தப் பின்முட்டி மட்டும் மடங்கி நிமிர்ந்தது. இடுப்புக்கு மேலே ஆடவே இல்லை. லாரிக்கு அடியில் வில் பட்டை அப்படித்தான் குழியை வாங்கிக்கொள்ளும். பலகை கிடைமட்டமாக, தடதடவென்று அலைத்தலைகளை மட்டும் தொட்டுக்கொண்டு போயிற்று. நான் வைத்த தாள் உப்பவில்லை. முதல் வரிசை வழியில் நுழைந்தார். இரண்டாவது. மூன்றாவது வரிசைக்கு வழி தள்ளி இருந்ததால் இன்னொரு குறுக்கு போட்டு நுழைந்தார். கருவேலமரத்தைச் சுற்றும்போது விழுந்தார். அங்கே வலை இல்லை. எழுந்து என்னவோ சொன்னார். தூரத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

திரும்பி வருவதுதான் சங்கடம். "காத்துக்கு எதிரா போறது வலி டெய்லரே, காத்தோட வர்றதுதான் பயம்" என்று முன்பே சொல்லியிருக்கிறார். பலகை அலையைவிட வேகமாக ஓடும். முன்னால் போகும் அலையின் முதுகில் மூக்கு குத்தினால் ஆள் பாய்க்கு மேலே பறக்கவேண்டியதுதான். அக்கா இரண்டு காலையும் பின்கோடிக்குக் கொண்டுபோய், பின்னால் சாய்ந்து, அலைமேல் நேராக ஏறாமல் இரண்டு அலைக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசை தாண்டியது. இரண்டாவது தாண்டியது.

மதகுக்கு அருகே இருந்த கடைசி வரிசை, குதிக்கிற தண்ணீரில் இருந்தது. மிதப்புகள் ஒருமுறை தெரிந்தன, மறுமுறை மறைந்தன. அவர் வழிக்கு நேராக வரும்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று சுழன்று அடித்தது. பலகையின் ஒரு விளிம்பு எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. அந்தத் தகடு பாதி வெளியே வந்து மின்னியது. தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று புகுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் பால்காரர் என் தோளைப் பிடித்தார். கையைத் தளர்த்தினால் இடப்பக்க வலைமேல் போய் விழுவார். யாராக இருந்தாலும் தளர்த்துவார்கள்.

அக்கா இழுத்தார். பாயை மார்போடு சேர்த்து இழுத்து, முட்டிகளை மடக்கிக் கீழே உட்கார்ந்து, முன்காலால் ஒரு மிதி மிதித்தார். எழும்பிய விளிம்பு ஒரு நொடி யோசித்தது மாதிரி நின்றது. பிறகு பட்டென்று தண்ணீரில் படிந்தது. அந்தச் சத்தம் கரைவரை கேட்டது. படிந்த வேகத்தில் பலகை இரண்டு மிதப்புக்கும் நடுவாகப் பாய்ந்து வெளியே வந்தது. குதிக்கிற தண்ணீர் முழுவதையும் தடதடவென்று ஒரே நேராகக் கடந்து, மதகுக் கல்லுக்குப் பத்தடி முன்னால் பாயை விட்டு, அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் குத்தகைக்காரரைப் பார்த்தார்கள். அவர் பரிசல்காரரை அனுப்பவில்லை. தானே பரிசலில் ஏறி, மூன்று வரிசையையும் மிதப்பு மிதப்பாகக் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். அந்தக் காற்றில் அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அக்கா பலகை மேல் உட்கார்ந்து பாயில் என் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், நின்றுகொண்டிருந்தேன். எங்கேயும் ஓடவேண்டும் என்று தோன்றவில்லை.

குத்தகைக்காரர் சட்டையெல்லாம் நனைந்து கரையேறினார். துண்டைப் பிழிந்தார். அக்கா முன்னால் வந்து நின்று, அதே சின்னக் குரலில் கேட்டார்.

"நாளைக்கு எந்தப் பக்கம் ஓட்டப் போறே?"

அக்கா நடு ஏரியைக் காட்டினார். நுரை அதிகம் இருந்த இடம்.

அவர் திரும்பிப் பரிசல்காரர்களைக் கூப்பிட்டு, நடு வரிசை வலையை எடுத்துத் தெற்குக் கரையோரம் போடச் சொன்னார். பரிசல்கள் கிளம்பின. அப்போதுதான் பால்காரர் கைதட்ட ஆரம்பித்தார்.